‘கட் கியூ’ சரியா? கியூ என்ற சொல்லைப் பற்றி ஒரு விரிவான பதில்

கோலாலம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். படிவம் 2-இல் படிக்கும் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘எ மேன் கட் கியூ’ என்று எழுத, ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டார். வீட்டில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்களிலோ யாரும் கியூ என்று சொல்வதே இல்லை, ‘லைன்’ என்கிறார்கள். எது சரி? இத்தனை எழுத்துகள் இருந்தும் ஏன் ‘கியூ’ என்று மட்டும் உச்சரிக்கிறோம்? தமிழில் ‘வரிசை’ என்று சொன்னால் அதே பொருள் வந்துவிடுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் பினாங்கில் ஆங்கிலம் கற்பித்தவன். மாணவர்கள் மிகச் சாதாரணமாகப் பேசி, எழுதும்போது மட்டும் தடுமாறும் சொற்களில் இது ஒன்று. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கட்டுரைப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம். ‘கட் கியூ’ என்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எல்லோருக்கும் புரியும் பேச்சு. ‘போத்தோங் கியூ’ என்று பாதி மலாயில் சொல்வதும் அதே வழக்குதான். ஆனால் பள்ளியில் நாம் எழுதுவது பிரிட்டிஷ் ஆங்கிலம். அங்கே கியூவை வெட்டுவதில்லை, தாண்டிக் குதிக்கிறார்கள்: ‘ஜம்ப் தி கியூ’. இறந்த காலத்தில் ‘எ மேன் ஜம்ப்ட் தி கியூ’. நடுவில் ‘தி’ வருவதையும் கவனியுங்கள். நம் பிள்ளைகள் அதைத்தான் முதலில் விடுகிறார்கள். அமெரிக்கர் இதையே ‘கட் இன் லைன்’ என்பார். நம் ஊர் வழக்கு அமெரிக்க வினையையும் பிரிட்டிஷ் பெயர்ச்சொல்லையும் சேர்த்து வைத்ததுபோல் இருக்கிறது. கடையில் பேசும்போது அதில் எந்தக் குற்றமும் இல்லை. தேர்வுத்தாளில் மட்டும் வேண்டாம். வட்டமிட்ட ஆசிரியர் செய்தது சரிதான். கூடவே காரணத்தையும் ஓரத்தில் எழுதியிருந்தால் பிள்ளைக்கு உதவியாக இருந்திருக்கும்.

லைன், கியூ இரண்டுமே சரி. பிரிட்டனில் கியூ, அமெரிக்காவில் லைன். நியூயார்க் பக்கம் ‘ஆன் லைன்’ என்றுகூடச் சொல்வார்கள். இணையத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, வரிசையில் நிற்கிறேன் என்று பொருள். அமெரிக்கர்களுக்கும் கியூ தெரியாத சொல் அல்ல. நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அடுத்தடுத்து வரவேண்டிய படங்களின் பட்டியலுக்கு அங்கே கியூ என்றுதான் பெயர். கணினித் துறையிலும் அச்சு இயந்திரத்துக்குக் காத்திருக்கும் கோப்புகள் கியூவில்தான் இருக்கின்றன. கடை வாசலில் நிற்கும் மனிதர்களுக்கு மட்டும் அவர்கள் அந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை.

சரி, உச்சரிப்பு. எழுத்துக் கூட்டினால் கியூ, யூ, ஈ, யூ, ஈ. முதல் எழுத்தின் பெயர்தான் முழுச் சொல்லின் ஒலியும். பின்னால் வரும் நான்கு உயிரெழுத்துகளும் வாய்க்கு வருவதே இல்லை. இது பிரெஞ்சிலிருந்து வந்த எழுத்துக்கூட்டு. ‘இங்’ சேர்க்கும்போது கடைசி ‘ஈ’யை வைத்தும் எழுதலாம், எடுத்துவிட்டும் எழுதலாம். வைத்து எழுதினால் ஐந்து உயிரெழுத்துகள் ஒட்டி நிற்கும் அபூர்வமான சொல் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எடுத்து எழுதத்தான் சொல்வேன், பிழை வர வாய்ப்புக் குறைவு. இறந்த காலத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘கியூட்’ என்று தமிழில் எழுதினால் வரிசையில் நின்றான் என்பதும் அழகு என்பதும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் முதலாவதன் ஈற்றொலி நம் ‘வீடு’ என்பதில் வரும் மெல்லிய ட, இரண்டாவதன் ஈற்றொலி ‘வீட்டு’ என்பதில் வரும் வல்லின ட்ட. வாயால் சொல்லிப் பார்த்தால் பிடிபடும்.

சொல்லின் வரலாறுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லத்தீனில் ‘கௌடா’ என்றால் வால். அது பழைய பிரெஞ்சு வழியாக மாறி கியூ ஆயிற்று. இன்றைய பிரெஞ்சிலும் பூனையின் வாலுக்கு அதே சொல்தான். ஆங்கிலத்துக்கு அது வந்தபோது முதலில் மனிதர்களைக் குறிக்கவில்லை. கேடயச் சின்னங்களில் வரையும் மிருகங்களின் வாலைக் குறித்தது. பிறகு 18-ஆம் நூற்றாண்டில் தலைக்குப் பின்னால் தொங்கும் பின்னலைக் குறித்தது. பில்லியர்ட்ஸ் ஆடும் கோலுக்கு வேறு எழுத்துக்கூட்டில் ‘கியூ’ என்ற பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான்.

பின்னல் என்ற பொருள் பினாங்குக்காரர்களுக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. சீனாவை ஆண்ட சிங் வம்சம் 1645-இல் ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னல் விடவேண்டும் என்று ஆணையிட்டது. அந்தப் பின்னலுக்கு ஆங்கிலத்தில் பெயர் கியூ. ஜார்ஜ்டவுனின் பழைய புகைப்படங்களில் துறைமுகத்திலும் கடை வாசலிலும் நிற்கும் சீன ஆண்களின் முதுகில் அதைக் காணலாம். 1910-இல் சன் யாட் சென் பினாங்கில் தங்கி லெபோ ஆர்மேனியன் 120-ஆம் எண் வீட்டில் புரட்சி வேலைகளைத் திட்டமிட்ட காலத்தில், அந்தப் பின்னலை வெட்டுவதென்றால் சிங் ஆட்சியை எதிர்க்கிறேன் என்று பகிரங்கமாகச் சொல்வது. பழைய ஆங்கிலப் பத்திரிகையிலோ வரலாற்று நூலிலோ ‘ஹி கட் ஆஃப் ஹிஸ் கியூ’ என்று வந்தால், அவர் எந்த வரிசையிலும் குறுக்கே புகவில்லை, பின்னலை வெட்டிக்கொண்டார் என்று படிக்கவேண்டும். இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு உண்மையிலேயே வருகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

மனித வரிசை என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகக் காட்டப்படும் முதல் சான்று 1837. பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதிய தாமஸ் கார்லைல், பாரிஸில் ரொட்டிக் கடைகளின் வாசலில் மக்கள் வால்போல நீண்டு நின்றதை வர்ணிக்க அந்தப் பிரெஞ்சுச் சொல்லை எடுத்தாண்டார். தானாகவே கியூவில் நிற்பது பிரெஞ்சுக்காரர்களுக்கே உரிய திறமை என்றும் எழுதினார். இன்றைக்கு உலகமே அந்தப் பெயரை ஆங்கிலேயர்களுக்குக் கொடுக்கிறது! அதற்கு ஒரு பெரிய காரணம் இரண்டாம் உலகப்போர். 1940-இல் தொடங்கிய உணவுப் பங்கீடு அங்கே 1954 வரை நீடித்தது. இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் நின்று நின்று அது அன்றாடப் பழக்கமாகிவிட்டது.

இனி நீங்கள் கேட்ட கடினமான கேள்வி. ‘வரிசை’ என்றால் கியூவா?

இன்றைய பேச்சில், ஆம். ‘வரிசையில் நில்லுங்கள்’ என்றால் யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் மூன்று மொழிகளும் ஒரே காட்சியை மூன்று விதமாகப் பார்க்கின்றன. ஆங்கிலச் சொல் பின்னால் நீளும் வாலைப் பார்க்கிறது. மலாயின் ‘பெராத்தூர்’ என்பதற்குள் ‘ஆத்தூர்’ இருக்கிறது, அதாவது ஒழுங்குபடுத்துவது. நம் ‘வரிசை’ பழைய தமிழில் தகுதியைக் குறித்தது. ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்’ என்கிறது 528-ஆம் குறள். எல்லோரையும் ஒன்றாகப் பார்க்காமல் அவரவர் தகுதிக்கு ஏற்ப மன்னன் பார்த்தால் என்று பொருள். புறநானூற்றில் கபிலரும் மலையமான் திருமுடிக்காரியிடம் ‘வரிசை அறிதலோ அரிதே’ என்கிறார். பரிசு கொடுப்பது எளிது, யாருடைய தகுதி என்ன என்று அறிவதுதான் அரிது என்பது அவர் வாதம். சபையில் யாருக்கு எந்த இடம், யாருக்கு முதல் மரியாதை என்ற அந்த வாசம் ‘சீர்வரிசை’ என்ற சொல்லில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

கியூ இதற்கு நேர் எதிர். அது தகுதியைப் பார்க்காது. டத்தோ பட்டம் பெற்றவர் வந்தாலும் துப்புரவுப் பணியாளர் வந்தாலும் ஒரே கேள்விதான்: எப்போது வந்தீர்கள்? இந்தச் சொல்லின் உண்மையான பொருள் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பது அதன் வெளித்தோற்றம் மட்டுமே.

இதற்குப் பெரிய அளவில் ஓர் எடுத்துக்காட்டு 2022 செப்டம்பரில் கிடைத்தது. எலிசபெத் அரசியாரின் உடலுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அஞ்சலி செலுத்த, தேம்ஸ் நதிக்கரை நெடுக மைல் கணக்கில் மக்கள் நின்றார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் தொடங்கும் தனிப்பெயராக ‘தி கியூ’ என்றே எழுதின. வந்தவர்களுக்கு எண் போட்ட கைப்பட்டை கொடுத்தார்கள். கழிவறைக்குப் போய்த் திரும்பினாலும் இடம் போகாது. கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் அதே வரிசையில் 12 மணி நேரத்துக்கு மேல் நின்றார். அவர் முன்னால் போயிருந்தால் யாரும் தடுத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அவர் நின்றதால்தான் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது.

நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி, சோறும் கறிகளும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடை இருக்கிறது. மக்கள் வரிசையாக நின்று நின்று, கடைக்கே ‘நாசி கண்டார் பெராத்தூர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரவில் திறக்கும் கடை, திறக்கும் முன்பே ஆட்கள் நிற்பார்கள். அங்கே வால் கண்ணுக்குத் தெரிகிறது. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கோ கிளினிக்குக்கோ போனால் நிலைமை வேறு. ‘சிலா அம்பில் நொம்போர்’, அதாவது எண் சீட்டு எடுங்கள் என்று எழுதியிருக்கும். சீட்டை எடுத்துக்கொண்டு எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம், பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டும் வரலாம். வரிசை என்று எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் ஆங்கிலத்தில் நீங்கள் ‘இன் தி கியூ’தான், கையில் இருப்பது ‘கியூ நம்பர்’தான். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் நீங்கள் கியூவில் இருக்கிறீர்கள் என்று ஒரு குரல் சொல்கிறதே, அப்போதும் அப்படித்தான். ஆள் நிற்கவேண்டியதில்லை, முறை நின்றால் போதும்.

2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பேரங்காடி வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடு போட்டு நிறுத்தினார்கள். வால் அறுந்து துண்டு துண்டாகக் கிடந்தாலும் அது கியூவாகவே இருந்தது, அடுத்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. கியூ பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையாகவும் வரும். எதற்காக நிற்கிறோமோ அதற்கு ‘ஃபார்’: ‘வி கியூட் ஃபார் டிக்கெட்ஸ்’. எங்கே நிற்கிறோமோ அதற்கு ‘அட்’: ‘கியூ அட் தி கவுண்டர்’. ‘கியூ தி கவுண்டர்’ என்று நேராக ஒட்டக்கூடாது. சேர்ந்துகொள்வது ‘ஜாயின் தி கியூ’. முன்பகுதி ‘ஃபிரண்ட்’, வால்பகுதி ‘பேக்’ அல்லது ‘எண்ட்’. ‘கியூ அப்’ என்பதும் நல்ல ஆங்கிலம்தான், கொஞ்சம் பேச்சு வாடை அதிகம். அறிவிப்புப் பலகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் ஒற்றை எழுத்தாகக் ‘கியூ’ போடுவது நம் நாட்டில் சகஜம். கட்டுரையில் ஐந்து எழுத்தையும் எழுதவேண்டும்.

அப்புறம் ஒரு பயனுள்ள வாக்கியம். கூட்டமாக இருக்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் ‘எக்ஸ்கியூஸ் மீ, ஆர் யூ இன் தி கியூ?’ என்று கேளுங்கள். குறுக்கே புகுந்தவரிடமும் இதையே கேட்கலாம். குற்றம் சாட்டியதாகவும் இருக்காது, அவர் தெரியாமல் வந்திருந்தால் மரியாதையாகப் பின்னால் போக வழியும் கிடைக்கும். தமிழிலும் ‘நீங்க கியூல இருக்கீங்களாண்ணே?’ என்றால் காரியம் முடிந்துவிடும். பத்தில் ஒருவர்தான் முறைப்பார்.

கியூவுக்குப் பின்னால் ஒரு கணிதத் துறையே இருக்கிறது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஏ. கே. எர்லாங், கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை அழைப்புகள் வரும், எத்தனை இணைப்புகள் இருந்தால் மக்கள் அதிகம் காத்திருக்க மாட்டார்கள் என்று கணக்கிட்டு 1909-இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். இன்றும் தொலைத்தொடர்பில் அழைப்பு நெரிசலை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான். பிறகு 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் ஓர் எளிய விதியை நிறுவினார். வரிசையில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை என்பது, நிமிடத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கையை ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. நாசி கண்டார் கடையில் வரிசை கூடாமல் குறையாமல் உங்கள் முன் 30 பேர் இருந்து, நிமிடத்துக்கு 2 பேர் சாப்பாட்டுடன் வெளியேறினால், ஏறக்குறைய 15 நிமிடம். பசியோடு நிற்கும்போது உதவும் கணக்கு.

பேரங்காடியில் பக்கத்து வரிசைதான் எப்போதும் வேகமாகப் போகிறது என்று எல்லோருக்கும் தோன்றும். அது பிரமை அல்ல. மூன்று கவுண்டர்களுக்கு மூன்று வரிசை இருந்தால், நீங்கள் நிற்பது எல்லாவற்றையும்விட வேகமானதாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். முன்னால் ஒருவர் விலைச்சீட்டு இல்லாத சாமானைக் கொண்டுவந்தால் உங்கள் வரிசை முழுவதும் நின்றுவிடும். ஒரே வரிசையாக நின்று, காலியாகும் கவுண்டருக்கு அடுத்தவர் போகும் முறையில் அந்தத் தாமதம் எல்லோருக்கும் பகிர்ந்து போகிறது. அதோடு, முதலில் வந்தவர் முதலில் கவுண்டருக்குப் போவதும் உறுதியாகிறது. எண் சீட்டு முறையும் இதே வேலையைத்தான் நாற்காலி போட்டுச் செய்கிறது. இடம் போதுமென்றால் எல்லாக் கடைகளும் இதற்கு மாறவேண்டும் என்பேன்.

கடைசியாக, கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பில் இது கட்டாயம் வரும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி கவுண்டர் இருக்கிறதே, அது ‘ஜம்பிங் தி கியூ’ ஆகாதா? ஆகாது. அதற்கு ஆங்கிலத்தில் ‘பிரயாரிட்டி கியூ’ என்று பெயர். விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது, யாரும் ஒளிந்து புகுவதில்லை. நம் அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். மாரடைப்போடு இப்போது வந்தவர், காய்ச்சலோடு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பவருக்கு முன் உள்ளே போவார். அங்கே கபிலர் சொன்ன வரிசை திரும்பவும் வருகிறது, ஆனால் பார்க்கப்படுவது அந்தஸ்து அல்ல, ஆபத்து.

பணம் கட்டி முன்னால் போவது வேறு விஷயம். பினாங்குக் கொடிமலை ரயிலுக்குச் சாதாரண டிக்கெட்டும் உண்டு, கூடுதல் விலையில் ‘ஃபாஸ்ட் லேன்’ டிக்கெட்டும் உண்டு. அதை வாங்குபவர் விதியை மீறவில்லை, அதனால் ஆங்கிலச் சொற்படி அவரை ‘கியூ ஜம்பர்’ என்று அழைக்க முடியாது. ஆனால் வெயிலில் பிள்ளைகளோடு நிற்கும் ஒரு குடும்பத்தின் பக்கமாக அவர்கள் நடந்து போகும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியை விலை மாற்றிவிடுகிறது. சுற்றுலாத் தலத்தில் பொறுத்துக்கொள்ளலாம். மருந்து, பள்ளி இடம், அரசாங்க உதவி என்று வந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மகள் அடுத்த கட்டுரைக்குத் தலைப்புத் தேடினால் இதையே எழுதச் சொல்லுங்கள். ‘ஷுட் வி பே டு ஸ்கிப் தி கியூ?’ என்று தலைப்பு வைக்கலாம். ‘ஸ்கிப்’ என்பது காசு கொடுத்தோ முன்பதிவு செய்தோ முறைப்படி தாண்டிப் போவதற்கு இப்போது வழங்கும் சொல். ‘ஜம்ப்’ போட்டால் போகிறவர் மேல் குற்றம் ஏறிவிடும்.